ஒன்றுமில்லை என்னும் விடை

நுழையும்முன்

எண்ணையும் எழுத்தையும் கற்பிக்கும் பள்ளி, சினத்தையும் துயரத்தையும் அறிந்து ஆளக் கற்பிக்கிறதா? உள்ளத்து உணர்வுகளைச் சொல்லவும் பிறர் உணர்வுகளை மதிக்கவும் பயிற்றும் கல்வியைப் பற்றி இன்று உலகெங்கும் பேசுகின்றனர். அக்கல்வி எந்த மொழியில், எந்த மண்ணில் வேர்கொள்ள வேண்டும்? இவ்வினாவை ஒட்டி எழுந்த கருத்துரை இது.

பதினொன்றாம் வகுப்பின் தொடக்க நாள்கள். சென்ற ஆண்டுவரை கலகலப்பாக இருந்த மாணவர் ஒருவர், கடைசி இருக்கையில் அமர்ந்து சாளரத்திற்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். நண்பகல் உணவைப் பாதியிலேயே மூடிவைக்கிறார். இதைக் கவனித்த ஆசிரியர் அருகில் சென்று, "என்னப்பா, என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார். மாணவர் எழுந்து நிற்கிறார், தலையைக் குனிந்துகொள்கிறார், "ஒன்றுமில்லை ஐயா" என்கிறார். மணி அடிக்கிறது. ஆசிரியர் அடுத்த வகுப்பிற்குச் செல்கிறார்.

இக்காட்சியைக் காணாத பள்ளி இராது. அந்த 'ஒன்றுமில்லை'க்குப் பின்னே எத்தனையோ இருக்கலாம். விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காமல், பெற்றோர் சொன்ன பிரிவில் சேர்ந்த மனத்தாங்கல் இருக்கலாம். வேலை தேடி வெளியூர் சென்ற தந்தை பல நாளாகப் பேசவில்லையே என்ற தவிப்பு இருக்கலாம். புதிய வகுப்பில் ஒருவர் ஊரின் பெயரைக் கேட்டு, பிறகு தெருவின் பெயரையும் கேட்டு, விடையறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அந்த அவமானம் இருக்கலாம்.

மாணவர் பொய் சொல்லவில்லை. தம் உள்ளத்தில் நிகழ்வதைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. சொல்லும் முறை தெரியவில்லை. சொல்வதற்கேற்ற ஆள் அருகில் இல்லை. சொல், முறை, துணை என்னும் இம்மூன்றையும் தருவது பள்ளியின் கடமைகளுள் ஒன்று என்பதும், அவற்றை நம் வாழ்விலிருந்தே எடுத்துத் தர வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கற்றலின் மறுபாதி

இக்குறையை உணர்ந்த கல்வியாளர்கள் 'சமூக, மனவெழுச்சிக் கற்றல்' என்னும் துறையை வளர்த்துள்ளனர். 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு கூட்டமைப்பு தோன்றியது. தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் ஆகிய ஐந்தும் கற்பிக்கத்தக்க திறன்கள் என்று அது கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்வியல் திறன்களை வகுத்துப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. மனவெழுச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல், பிறர் நிலையில் நின்று உணர்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். இந்தியாவில் தில்லி அரசு 2018 ஜூலையில், மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்ற ஒன்றைத் தன் பள்ளிகளில் தொடங்கியது. கதை, செயல்பாடு, கலந்துரையாடல், மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி ஆகியன அதில் இடம்பெற்றன.

"பாடம் நடத்தவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் பாடவேளை ஏது?" என்று சிலர் வினவுவர். இவ்வினாவுக்கு 2011இல் வெளியான ஒரு பேராய்வு விடை தருகிறது. 213 பள்ளித் திட்டங்களையும் அவற்றில் பங்கேற்ற 2,70,000 மாணவர்களையும் அவ்வாய்வு ஒருசேர நோக்கியது. உணர்வுசார் பயிற்சி பெற்ற மாணவர்களின் நடத்தை மேம்பட்டதோடு, பாடத்தேர்ச்சியும் உயர்ந்திருந்தது. நூறு பேர் கொண்ட வகுப்பில் சரியாக நடுவில் நிற்கும் ஒருவர், மேலும் பதினொருவரைக் கடந்து செல்வதற்கு ஒப்பான உயர்வு அது. உள்ளம் அமைதியற்றிருக்கும்போது பாடம் ஏறுவதில்லை என்பது மாணவர் ஒவ்வொருவரும் பட்டறிந்த உண்மை.

விதையும் மண்ணும்

எனினும், ஒன்றை நாம் கருத வேண்டும். அவ்வாய்வில் அடங்கிய திட்டங்களுள் பெரும்பாலானவை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தவை. ஓரிடத்தில் விளைந்த நாற்றை வேறிடத்தில் நடும்போது மண்ணறிந்து நட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பேசுபவரின் கண்ணை நேராக நோக்குவது தன்னம்பிக்கையின் அடையாளம் என்று மேலைநாட்டுப் பயிற்சி ஏடுகள் கூறும். நம் ஊர்களிலோ, பெரியவர் பேசும்போது பார்வையைத் தாழ்த்துவது மரியாதை. அயல்நாட்டு மதிப்பீட்டுத் தாளை அப்படியே இங்குக் கொண்டுவந்தால், மரியாதை தெரிந்த மாணவரைத் தன்னம்பிக்கை அற்றவர் என்று அது குறித்துவிடும். வட்டமாக அமர்ந்து, "இன்று நான் இவ்வாறு உணர்கிறேன்" என்று எல்லார் முன்னிலையிலும் ஒருவர் தம் துயரைக் கூறுவதும் இவ்வாறே. வீட்டுச் செய்தியை வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது ஆறுதலைத் தராமல் கூச்சத்தைத் தரும். அடுத்த நாள் அவர் இன்னும் உரத்த குரலில் 'ஒன்றுமில்லை' என்பார்.

இதனாலேயே அறிஞர்கள் பண்பாட்டோடு இயைந்த கற்பித்தலை வலியுறுத்துகின்றனர். அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் கல்வியை ஆராய்ந்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் இக்கருத்துக்கு வடிவம் தந்தார். மாணவர் கல்வியில் வெற்றி பெற வேண்டும். தம் பண்பாட்டில் காலூன்றி நிற்க வேண்டும். சமூகத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வுகளை வினவும் அறிவையும் பெற வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே அவர் கூறிய கற்பித்தல். மூன்றாவதை நாம் மறந்துவிடுதல் எளிது; அதனைப் பின்னர்க் காண்போம்.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமிருந்தும் நாம் கற்கலாம். மாவோரி மருத்துவ அறிஞர் மேசன் டூரி 1984இல், மனிதரின் நலத்தைத் தம் மக்களின் கூடல்மனைக்கு ஒப்பிட்டார். உடல், உள்ளம், ஆன்மா, குடும்பம் ஆகியன அம்மனையின் நான்கு சுவர்கள். ஒன்று சாய்ந்தால் மனை நிலைக்காது. இக்கருத்து பின்னர் அந்நாட்டுப் பள்ளிகளின் நலக் கல்விப் பாடத்திட்டத்திலும் இடம்பெற்றது. தாம் நாள்தோறும் காணும் மனையைக்கொண்டு தம் மனத்தை அறிய அக்குழந்தைகளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. நம் பிள்ளைகள் தம் மனத்தை அறிய நம்மிடம் என்ன இருக்கிறது?

சொல்: மெய்யில் தோன்றும் உள்ளம்

"மனநிலை எப்படி இருக்கிறது?" என்று இன்றைய மாணவரைக் கேட்டால், 'டென்ஷன்', 'ஸ்ட்ரெஸ்', 'மூட் அவுட்' என்னும் சொற்களுள் ஒன்று விடையாக வரும். தேர்வு அச்சமும் டென்ஷன். தோழியின் பிணக்கும் டென்ஷன். தம்பியின் காய்ச்சலும் டென்ஷன். பல நோய்களுக்கு ஒரே பெயரை வைத்தால் மருந்தை எவ்வாறு தேர்வது?

தமிழில் உணர்வுச் சொற்களுக்குக் குறைவில்லை. ஏக்கம் வேறு, ஏமாற்றம் வேறு. கிடைக்காததை எண்ணி வருவது ஏக்கம். கிடைக்கும் என்று நம்பியது கைநழுவியபின் வருவது ஏமாற்றம். உரியவர் நம்மை மதிக்கவில்லை என்னும் வருத்தம் மனத்தாங்கல். வெளியே சொல்ல முடியாமல் உள்ளேயே வெந்துகொண்டிருப்பது மனப்புழுக்கம். செய்த தவறு உள்ளிருந்து குத்துவது உறுத்தல். இவற்றோடு, உணர்வை உடலின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கும் நமக்கு உண்டு. நெஞ்சு கனக்கிறது, அடிவயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, உச்சி குளிர்கிறது என்று நம் வீட்டு மூத்தோர் கூறுவர்.

உணர்வுக்கும் உடலுக்கும் உள்ள இவ்வுறவைத் தொல்காப்பியம் தனி இயலாகவே வகுத்துள்ளது. பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பதையும் அந்நூல் வரையறுக்கிறது. அழுகிற ஒருவரைப் பார்த்து, 'ஏன் அழுகிறாய்?' என்று பொதுவாகக் கேட்பதினும், 'உன்னை யாரேனும் இழிவுபடுத்தினார்களா? எதையேனும் இழந்தாயா? உன் நிலை தாழ்ந்துவிட்டதா? வறுமை வாட்டுகிறதா?' என்று வகுத்துக் கேட்பது விடையை எளிதாக்கும். அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் நான்கு களன்களும் இவையே.

தெரிந்து தெளிவோம்

மெய்ப்பாடுகளும் அவற்றின் களன்களும்
நகை – எள்ளல், இளமை, பேதைமை, மடன்
அழுகை – இளிவு, இழவு, அசைவு, வறுமை
இளிவரல் – மூப்பு, பிணி, வருத்தம், மென்மை
மருட்கை – புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம்
அச்சம் – அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை
பெருமிதம் – கல்வி, தறுகண், இசைமை, கொடை
வெகுளி – உறுப்பறை, குடிகோள், அலை, கொலை
உவகை – செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு

உணர்வுக்குப் பெயரிடுவதன் பயனை இன்றைய அறிவியலும் காட்டுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சினமும் அச்சமும் தோன்றும் முகங்களின் படங்களைச் சிலருக்குக் காட்டி, அவ்வுணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். சொல்லைத் தேர்ந்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் எழுச்சி தணிந்தது. 'வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும்' என்று நம் பாட்டிமார் கூறியது வெறும் ஆறுதல்மொழி அன்று.

அச்சொல் எந்த மொழியில் அமைய வேண்டும்? துருக்கிய மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் கொண்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியாயிற்று. குழந்தைப் பருவத்தில் கேட்ட கண்டிப்புச் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது, அவர்களின் தோலில் தோன்றிய மின்மாற்றம் ஆங்கிலத்தில் கேட்டபோது தோன்றியதைவிட மிகுதியாக இருந்தது. தாய்மொழிச் சொல் தோல்வரை சென்று தொடுகிறது. தொட்ட மொழியே ஆற்றவும் வல்லது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டு வகுப்பறையில் இருப்போர் அனைவருக்கும் தமிழே வீட்டுமொழி என்று கொள்ளலாகாது. நீலகிரியில் தோடர்க்கும் கோத்தர்க்கும் தனித்தனி மொழிகள் உள்ளன. கட்டடப் பணிக்கும் ஆலைப் பணிக்கும் வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் இந்தியிலோ ஒடியாவிலோ கனவு காண்கின்றனர். 'உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?' என்று அவர்களிடம் கேட்டு அச்சொல்லையும் கரும்பலகையில் எழுதுவதே பண்பாட்டை மதிப்பதாகும்.

முறை: பெயர் சுட்டாத பேச்சு

சொல் கிடைத்தபின் சொல்லும் முறை வேண்டும். தன் பெயரோடு தன் துயரை அவையில் வைப்பது நமக்குக் கடினம் என்று கண்டோம். இக்கடினத்தை நம் முன்னோரும் அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. அன்பின் ஐந்திணைப் பாடல்களில் ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. பாண்டியரின் அடையாளப் பூவான வேம்பைக் குறிப்பிட்டதனாலேயே நெடுநல்வாடையைப் புறநூல் என்று உரையாசிரியர் கொண்டனர். அத்துணைக் கண்டிப்பான விதி அது.

பெயரை நீக்கியதால் என்ன நேர்ந்தது? தலைவியின் பிரிவுத்துயர் ஓர் ஊரின் ஒரு பெண்ணுடைய செய்தியாகச் சுருங்காமல், பிரிவை அறிந்த எல்லாருடைய துயராகவும் விரிந்தது. உள்ளத்தை முழுதாகத் திறக்கவும் முடிந்தது. ஒருவரையும் ஊர்வாய்க்கு இரையாக்காமல் காக்கவும் முடிந்தது.

இம்முறையை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். அகப்பாடல்கள் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என அமைவதை நாம் படித்திருக்கிறோம். அதுபோலவே, 'விடுதியில் முதல் இரவைக் கழிக்கும் மாணவி கூற்று', 'மதிப்பெண் குறைந்ததை வீட்டில் சொல்லாத மகன் கூற்று', 'மகனின் முகவாட்டத்தைக் கண்ட தாய் கூற்று' என்னும் தலைப்புகளில் பெயரிடாமல் பத்து வரி எழுதிப் பெட்டியில் இடலாம். ஆசிரியர் அவற்றுள் ஒன்றை எடுத்துப் படித்து, 'இந்நிலையில் உள்ளவருக்கு நாம் என்ன கூறுவோம்?' என்று வகுப்பைக் கேட்கலாம். எழுதியவர் யார் என்று ஒருவரும் அறியார். ஆனால், எழுதியவர் தமக்கான விடையை அங்கேயே கேட்டுவிடுவார். சங்கப் பாடலை மதிப்பெண்ணுக்காகப் படித்த நிலைமாறி, வாழ்வதற்காகப் படிக்கும் நிலை அப்போது உருவாகும்.

நாட்டுப்புற மரபிலும் இத்தகைய வாயில்கள் உண்டு. ஒப்பாரி, இறந்தவருக்காக மட்டும் பாடப்படுவதன்று. பாடும் பெண்கள் பிறந்தகம் பிரிந்த துயரையும் புகுந்தகத்தில் பட்ட பாட்டையும் வறுமையையும் சேர்த்தே பாடுவர். வேறு நாளில் பேச முடியாததை அன்று பாட்டாகப் பேசினர். சுற்றியிருந்தோர் தோளைப் பற்றியபடி உடன் அழுதனர். தனியொருத்தியின் துயரைப் பலரும் பகிர்ந்து சுமந்த ஏற்பாடு அது.

துணை: தோழியின் பொறுப்பு

உணர்வைக் கேட்பவர் யார் என்பது மூன்றாவது வினா. நும் வயதில் துயரை முதலில் அறிபவர் பெரும்பாலும் ஆசிரியரும் அல்லர், பெற்றோரும் அல்லர், அருகில் அமரும் தோழரே. அகப்பாடல்களிலும் தோழியே எல்லாம் அறிந்தவள். தலைவி வாய்திறவாதபோதும் அவளுடைய நடையிலும் நோக்கிலும் தெரியும் குறிப்பால் உள்ளத்தை உணர்கிறாள். அறிந்ததை ஊரில் பரப்பாமல் காக்கிறாள்.

ஆயினும், காப்பது மட்டும் அவள் கடமை அன்று. தலைவியின் வாழ்வுக்கு ஊறு நேரும் நிலை வந்தால், தோழி அறத்தொடு நிற்கிறாள். மறைத்துவைத்த செய்தியைச் செவிலியிடம் உரைக்கிறாள். செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் உரைக்க, செய்தி உரியவரைச் சென்று சேர்கிறது. எதைக் காக்க வேண்டும், எதை எப்போது யாரிடம் உரைக்க வேண்டும் என்னும் இவ்வறிவே நட்பின் இலக்கணம்.

இன்றைய வாழ்வில் இதன் பொருள் தெளிவானது. தோழர் ஒருவர் தம் துயரைப் பகிர்ந்தால், அதைப் பிறரிடம் கேலிப்பொருளாக்காமல் காக்க வேண்டும். ஆனால், 'வாழப் பிடிக்கவில்லை' என்று அவர் கூறினால், 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், நம்பத்தகுந்த பெரியவரிடம் அன்றே கூறிவிட வேண்டும். அது நம்பிக்கைத் துரோகம் ஆகாது. அறத்தொடு நிற்றலே ஆகும். 2022 அக்டோபர் முதல் செயல்படும் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையை எந்நேரமும் பெறலாம். இவ்வெண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இடம்பெற வேண்டும்.

பண்பாட்டையும் வினவுவோம்

'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன' என்று இவ்விடத்தில் பெருமையோடு நிறுத்திக்கொண்டால், நாம் பாதி உண்மையையே கூறியவர் ஆவோம். நம் பண்பாடு உள்ளத்தைப் பேசவைத்திருக்கிறது. பல வாய்களை அடைத்தும் இருக்கிறது.

'ஆண்பிள்ளை அழலாமா?' என்று ஐந்து வயதிலேயே சிறுவனைக் கேட்கிறோம். அழுகை என்னும் மெய்ப்பாட்டை அவனிடமிருந்து பறித்துவிட்டால், அவனுடைய துயரம் வெகுளியின் வடிவில்தான் வெளிவரும். 'பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று' என்று பழமொழி சொல்லிச் சிறுமியின் நகையை அடக்கினோம். திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி, மறந்த மாணவரிடம் வெகுண்டோம். ஆசிரியரின் சினத்தைப் பார்த்தே மாணவர் சினத்தைக் கற்கின்றனர். பொறையையும் அவ்வாறே கற்கின்றனர்.

எல்லாவற்றினும் கொடியது சாதி. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன்பயின்ற மாணவர்களே சாதிக் காழ்ப்பினால் வீடு புகுந்து நடத்திய தாக்குதல் தமிழ்நாட்டையே தலைகுனிய வைத்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடுத்தல், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குதல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்துவிடலாம். மனத்தில் கட்டிய முடிச்சை அவிழ்க்கும் பணி யாருடையது?

மெய்ப்பாட்டியலை மீண்டும் நோக்குவோம். பெருமிதம் பிறக்கும் களன்கள் நான்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. பிறந்த குலம் அப்பட்டியலில் இல்லை. அழுகை பிறக்கும் களன்களுள் முதலாவதாக நிற்பது இளிவு. அதாவது, பிறரால் இழிவுபடுத்தப்படுதல். தன் பிறப்பால் பெருமிதம் கொள்ளும் மாணவரும், அதே வகுப்பில் தன் தெருவின் பெயரைச் சொல்லக் கூசும் மாணவரும் இப்பட்டியலை ஒருசேரப் படித்தால், எவ்வளவு பேசலாம்!

அதே வேளையில், பழைய நூல் என்பதனாலேயே அதிலுள்ள அனைத்தும் ஏற்கத்தக்கன ஆகிவிடா. அதே மெய்ப்பாட்டியல், தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பத்துக் கூறுகளுள் பிறப்பையும் குடிமையையும் சேர்த்துக் கூறுகிறது. இதனை மறைக்காமல் வகுப்பில் படிக்க வேண்டும். 'இது இன்றைக்குப் பொருந்துமா?' என்று மாணவர் வினவ வேண்டும். லாட்சன்-பில்லிங்ஸ் கூறிய மூன்றாவது கூறு இதுவே. பண்பாட்டோடு இயைந்த கல்வி, அப்பண்பாட்டைத் திருத்தும் துணிவையும் தர வேண்டும்.

பள்ளி செய்யத்தக்கன

இக்கல்விக்குத் தேர்வு வைத்தலாகாது. 'சினம் அடக்கல்: 10 மதிப்பெண்' என்று அச்சிட்ட நாளிலேயே உண்மையான உணர்வு ஒளிந்துகொள்ளும், மதிப்பெண் தரும் உணர்வையே மாணவர் நடித்துக் காட்டுவர். தமிழ்ப் பாடம், காலை வணக்கக் கூட்டம், விளையாட்டுத் திடல், கலைவிழா ஆகிய எல்லாம் இதற்குரிய களன்களே.

சூழலின் குறையைத் தனிமனிதக் குறையாகக் காட்டவும் கூடாது. காலையில் உண்ணாமல் வந்த குழந்தையின் எரிச்சலுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது, உணவே மருந்து. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் உள்ளம் பேணும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும். இழிவுபடுத்தப்பட்ட மாணவரிடம், 'பொறுமையாக இரு' என்று மட்டும் கூறுவது அறமன்று. இழிவுபடுத்தியவரைத் திருத்துவதும் பள்ளியின் கடமையாகும்.

ஆசிரியருக்கும் உள்ளம் உண்டு என்பதை மறத்தலாகாது. பல பணிகளுக்கிடையே ஐம்பது பேரின் முகவாட்டத்தை ஒருவர் அறிவது அரிது. அவருக்குப் பயிற்சியும் ஓய்வும் வேண்டும். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் எல்லாப் பள்ளிகளுக்கும் எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

இவற்றை அரசும் பள்ளியும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் அம்மாணவரிடம் நாமே செல்லலாம். 'என்ன ஆயிற்று?' என்று நின்றபடி கேட்பதை விடுத்து, அருகில் அமர்ந்து, நம் உணவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி, "எனக்கும் இந்தப் புதிய வகுப்பு இன்னும் ஒட்டவில்லை" என்று நம்மிடமிருந்து தொடங்கலாம். அவர் அன்று பேசாமல் இருக்கலாம். மறுநாளும் பேசாமல் இருக்கலாம். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதை அறிந்தபின் ஒரு நாள், அவர் 'ஒன்றுமில்லை' என்று தொடங்கி, சற்றே நிறுத்தி, "இல்லை... ஒன்று இருக்கிறது" என்பார். அச்சொல்லுக்காக ஒரு பாடவேளை போனாலும் இழப்பில்லை.